வெட்டுக்கிளிக்கு வந்த ஆறு சிலிண்டர்

என் அண்ணனுக்கு எங்கள் தெருவில் ரேடியேட்டர் என்று பெயர். ரேடியேட்டர் ரிப்பேர் செய்வதால் வந்த பெயர் இல்லை, அவன் எஞ்சின் மெக்கானிக். எந்த நேரத்தில் கொதிப்பான், மூடி பறந்து யார் முகத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் வந்த பெயர். அண்ணன் என்று சொல்லிவிட்டு அவன், இவன் என்கிறேனே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அவனோடு ஒரே ஷெட்டில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். மரியாதையெல்லாம் முதல் வருடத்திலேயே தீர்ந்துபோய்விட்டது.

ஷெட்டின் முன்பாதி அவனுடையது, பின்பாதி என்னுடையது. அவன் எஞ்சினைப் பிரிப்பான், நான் கார் சீட்டுக்கு உறை தைப்பேன். நடுவில் சுவர் கிடையாது. அதனால் அவன் அடித்த அடி எல்லாவற்றுக்கும் நான் சாட்சி. கண்ட ஆயிலை ஊற்றி எஞ்சினைக் கெடுத்துவிட்டு, நீதான் கெடுத்தாய் என்று சண்டைக்கு வந்த டாக்ஸிக்காரரின் பிடரியைப் பிடித்து, அதே ஆயிலில் முகத்தை முக்கினான். ஷெட்டை இடிக்கப் போகிறேன் என்று மிரட்டிய இடத்துக்காரரின் ஸ்கூட்டரைத் தூக்கிச் சாக்கடையில் போட்டான். அவர் அப்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். போல்ட் ஒன்று கழற்ற வரவில்லை என்றால் முதலில் அதைத் திட்டுவான், பிறகு அடிப்பான், அப்புறம்தான் சரியான ஸ்பானரைத் தேடுவான்.

மனசு நல்ல மனசு, கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று அவனைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அவனிடம் அடி வாங்காதவர்கள்.

அண்ணியின் தம்பி பழைய இரும்பு வியாபாரி. இரும்பாக எது கண்ணில் பட்டாலும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால் அவனுக்குக் காந்தம் என்று பெயர். ஒருநாள் அவன் தன் கடையில் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை கேஸ் நெருப்பு வைத்து வெட்டப் போனான். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது, நீளமான மூக்கு, தரையோடு ஒட்டிய உடம்பு. அண்ணன் குறுக்கே போய் நின்றான். காந்தம் நெருப்பை அணைக்கவில்லை. அண்ணனுக்கு ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கியது, காந்தத்துக்கு மூக்கு உடைந்தது, கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. பச்சையாக, காலை மடக்கிக்கொண்டு மூலையில் கிடந்ததால் நான்தான் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தேன். பல வருடம் அது அப்படியே தூசி தின்றுகொண்டு கிடந்தது.

அண்ணனுக்கு ஒரே மகள். எங்கள் எல்லோருக்கும் அவள் குட்டி. ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், அண்ணன் கழற்றிக் கழுவி வரிசையாக அடுக்கி வைத்திருந்த வால்வுகளை எடுத்து வீடு கட்டி விளையாடினாள். எந்த வால்வு எந்த ஓட்டையில் இருந்தது என்ற வரிசை கலைந்துபோனது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். ஒரே அறை. அவன் வலது கை, அவள் இடது காது. நான் மிஷினை விட்டு எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் அழக்கூட இல்லை. காதைப் பொத்திக்கொண்டு, "அத்தை, உள்ள விசில் அடிக்குது" என்றாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. டாக்டர், மருந்து, பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். அந்த விசில் சில மாதம் இருந்தது. அது நின்றபோது அந்தக் காதில் எல்லாமே நின்றுவிட்டது.

துணி அளக்கும் இரும்பு ஸ்கேல் வளைகிறவரைக்கும் நான் அவனை அடித்தேன். அது ஒன்றும் பெரிதில்லை. அண்ணி லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். இனி அந்தக் காது கேட்காது என்று டாக்டர் கையை விரித்த அன்று, வேலை முடிந்து வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். மேஜைமேல் அவன் வலது கையை வைக்கச் சொன்னாள். வைத்தான். புறங்கைமேல் பெட்டியை வைத்து அழுத்தினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை என்று அண்ணி சொல்வாள். இழுத்தேன், கத்தினேன், அவள்தான் விடவில்லை என்று அவன் சொல்வான். எது எப்படியோ, பெட்டியின் கூர் முனை இன்றைக்கும் அவன் புறங்கையில் பளபளப்பாகத் தெரியும். அதற்குப் பிறகு அவன் அந்தக் கையால் யாரையும் அடித்ததில்லை. இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டான்.

அந்தக் காதைப் பற்றி அண்ணன் வாயைத் திறந்ததே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கையில் கட்டு பிரித்த மறுநாள் போய் வெட்டுக்கிளியின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவி எறிந்தான். துருவைச் சுரண்டினான், தகடு ஒட்டினான், எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. வண்டி உருண்டு நிற்பதற்குள் குட்டி வளர்ந்து ஓட்டுகிற வயதுக்கு வந்துவிட்டாள். சாவியை அவள் கையில் வைத்து, "இந்தா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அவளும் ஷெட்டிலேயே தொழிலுக்கு வந்துவிட்டாள். அப்பனின் கையும் வந்தது, அப்பனின் கோபமும் வந்தது. இருவருக்கும் நடுவே ஒரு பழக்கம் இருந்தது. ஒரு போல்ட்டை யார் இறுக்கினாலும் அதன் தலையில் பெயின்ட் பொட்டு ஒன்று வைக்க வேண்டும், மற்றவர் வந்து இழுத்துப் பார்த்து இன்னொரு பொட்டு வைக்க வேண்டும். அவளுக்கு வெள்ளை, அவனுக்குச் சிவப்பு. இரண்டு பொட்டும் இல்லாமல் எந்த வண்டியும் ஷெட்டைத் தாண்டாது. நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள், பொட்டை மட்டும் மறக்க மாட்டார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மலைப்பாதையில் வருடம் ஒருமுறை பழைய கார்களுக்குப் பந்தயம் நடக்கும். அடிவாரத்திலிருந்து உச்சியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை ஏற வேண்டும். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள், சீக்கிரம் ஏறுகிறவருக்குக் கோப்பை. வளைவுகளில் குட்டியை யாராலும் தொட முடியாது. நேரான ஏற்றத்தில்தான் வெட்டுக்கிளிக்கு மூச்சு வாங்கும். நாலு சிலிண்டர் எஞ்சின், அதுவும் சின்னது, அது என்ன செய்யும், பாவம். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த பந்தயத்தில் ஒரு பல் டாக்டர் முதலில் வந்தார், குட்டி இரண்டாவது. கை குலுக்க வந்த டாக்டர், "வண்டி ரொம்ப அழகும்மா. உள்ள எஞ்சினுக்குப் பதிலா தையல் மிஷினை வச்சிருக்கீங்க போல" என்று சிரித்தார். என் பிழைப்பையும் சேர்த்து இழுத்ததால் நானே கையை ஓங்கியிருப்பேன். குட்டி முந்திக்கொண்டாள். பல் டாக்டருக்கே பல் போனது. ஊர் சிரித்தது, பந்தயம் நடத்துகிறவர்கள் சிரிக்கவில்லை. ஒரு வருடம் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று அவளைத் தள்ளிவைத்தார்கள்.

அந்த வருடத்தில்தான் காந்தம் தன் மினி லாரியில் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தான். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றியது, எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. குட்டிதான் சொல்லி வைத்திருந்தாள். செயின் போட்டு லாரியிலிருந்து தூக்கி, அது ஷெட்டின் நடுவே தொங்கும்போது அண்ணன் வெளியிலிருந்து வந்தான்.

"யாரைக் கேட்டுடா இதை இங்க எறக்குற?"

"உங்க பொண்ணு கேட்டா, மச்சான். இரும்பு கேட்டா குடுக்குறதுதானே என் பொழப்பு?"

காந்தம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணனின் இடது கை அவன் தாடையில் இறங்கியது. காந்தம் போய் எஞ்சின்மேல் விழ, எஞ்சின் செயினோடு ஊசலாடிக்கொண்டு வந்து என் மேஜையை இடித்து, புதிதாகத் தைத்த நாலு சீட் உறையைக் கறுப்பாக்கியது. நான் கத்தரிக்கோலோடு எழுந்தேன். காந்தம் கையில் அகப்பட்ட ஜாக்கிக் கம்பியால் அண்ணனின் முழங்காலில் போட்டான். குட்டி நடுவே பாய்ந்து இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குத்தான் வண்டி, எனக்குத்தான் எஞ்சின். உங்க மல்லுக்கட்டை வெளிய போய் வச்சுக்குங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஷெட்டில் அதே பேச்சு. ஸ்பானர் பறந்தது, டீ கிளாஸ் உடைந்தது, பேச்சு மட்டும் நகரவில்லை.

"இதைப் போட்டா மூக்கு கனத்துடும். வளைவுல நீ ஸ்டீயரிங்கைத் திருப்புவ, வண்டி நேராப் போகும்."

"முன் ஸ்பிரிங்கை மாத்துவோம்."

"பிரேக்?"

"பெருசா போடுவோம்."

"கியர் பாக்ஸ் தாங்காது."

"அதோட கியர் பாக்ஸே வந்திருக்கு. கண்ணைத் திறந்து பாருங்க."

"எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற தகட்டை வெட்டாம அது உள்ள போகாது. வெட்டுனா வெட்டுனதுதான். அப்புறம் பழைய வண்டி திரும்பி வராது."

"வர வேண்டாம்."

எனக்குக் குட்டி சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அவன் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. எஞ்சின் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை வாசலில் இரும்புச் சட்டத்தில் ஏற்றி ஸ்டார்ட் செய்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த உறுமலில் என் மேஜைமேல் இருந்த ஊசிப்பெட்டி நகர்ந்து கீழே விழுந்தது. குட்டி சந்தோஷத்தில் குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கத்தில் செங்கல் லாரி ஒன்று பின்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். தெரு முழுக்கக் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. லாரி அவள் தோளுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அண்ணன் ஓடிப்போய் கதவைத் திறந்து, லாரிக்காரரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தான். ஒரு தப்பும் செய்யாத மனுஷன் அவர். ஆறு பேர் சேர்ந்து அண்ணனைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அது கோபம் இல்லை, பயம்.

ஸ்பிரிங், பிரேக், கியர் பாக்ஸ் எல்லாம் சாக்கு. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மிச்சம் இருக்கிற ஒற்றைக் காதும் எதற்கும் உதவாது, மகள் செத்துவிடுவாள் என்பதுதான் அவன் காரணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் காதைப் பற்றிப் பேச வேண்டும். காதைப் பற்றிப் பேசினால் அது எப்படிப் போனது என்று பேச வேண்டும். அதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரையே அடிக்கத் தைரியம் இருக்கிறது, பெற்ற மகளிடம் ஒரு வாக்கியம் பேசத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் பழைய எஞ்சினைக் கழற்ற அவள் வெட்டுக்கிளியின் பானெட்டைத் தூக்கியபோது, அண்ணன் வந்து அதைப் படீரென்று மூடினான். அவள் விரல் மயிரிழையில் தப்பியது.

"முடியாதுன்னா முடியாது."

"உங்களுக்கு இந்த வேலை தெரியலன்னு சொல்லுங்க. நான் வேற ஷெட்டுக்குப் போறேன்."

அவன் கை மேலே போனது. வலது கை. இத்தனை வருடத்தில் முதல்முறை. அவள் நகரவில்லை. தலையைத் திருப்பி வலது கன்னத்தை அவனுக்குக் காட்டினாள்.

"அடிங்கப்பா. இன்னும் ஒரு காது மிச்சம் இருக்கு."

அண்ணன் ஓங்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றான். பிறகு போய்த் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"அவகிட்ட சொல்லு. ரெண்டு எஞ்சினுக்கும் எடை வித்தியாசம் என்னவோ, அதை மூக்குல கட்டி ஓட்டிப் பாக்கலாம். வளைவுல வண்டி அடங்குச்சுன்னா, நானே தகட்டை வெட்டித் தரேன்."

எஞ்சின் மாற்றும் முன் அவன் எப்போதும் செய்கிற சோதனை அது. காந்தத்தின் கடைத் தராசில் பெரிய எஞ்சினை ஏற்றினார்கள், பழையதன் எடையை அதிலிருந்து கழித்தார்கள். ஏறக்குறைய ஒரு ஆள் எடை வந்தது. "நான் வேணா முன்னாடி ஏறி உக்காந்துக்கட்டுமா?" என்று காந்தம் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. ஷெட்டில் இருந்த, இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லையும், லாரி பிரேக் டிரம் ஒன்றையும் தூக்கி வண்டியின் ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்து, பட்டை இரும்பு கொடுத்து போல்ட் போட்டார்கள். ஒரு பக்கத்தை அவள் போட்டாள், இன்னொரு பக்கத்தை அவன் போட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெயின்ட் டப்பாவை யாரும் திறக்கவில்லை. அவன் இறுக்கியிருப்பான் என்று அவளும், அவள் பார்த்திருப்பாள் என்று அவனும் பானெட்டை மூடினார்கள்.

அவள் ஓட்டினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம். அதனால் பக்கத்தில் உட்காருகிறவர் அவளுடைய இடது காதுப் பக்கம்தான் உட்கார வேண்டும். வீட்டில் நாங்கள் எல்லோரும் யாரும் சொல்லித் தராமலே அவளுக்கு வலது பக்கமாக நின்று பேசப் பழகியிருந்தோம். காருக்குள் அவளுக்கு வலது பக்கம் இருந்தது கதவுதான். சோதனை ஓட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் தொண்டை கிழியக் கத்துவான், திரும்பி வந்து "சொன்னா கேக்கவே மாட்டா" என்பான். அந்தச் சொல்லின் கனம் அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

நானும் காந்தமும் மினி லாரியில் பின்னால் போனோம். மலைப்பாதையின் முதல் மூன்று வளைவில் வெட்டுக்கிளி அடக்கமாகத்தான் திரும்பியது. குட்டியின் முதுகைப் பார்த்தாலே அவள் ஜெயித்துவிட்ட நினைப்பில் இருப்பது தெரிந்தது. நாலாவது வளைவுக்குள் நுழையும்போது அண்ணன் அவள் பக்கம் திரும்பி ஏதோ கத்துவது தெரிந்தது. வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. பிறகு அவன் கை மேலே எழுந்தது. அடுத்த நொடி வெட்டுக்கிளி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மலைப்பக்கத்துக் கல்சுவரில் மோதியது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் சில நேரம் என்னைத் தூக்கிப்போடும். ஓடிப் போய்ப் பார்த்தபோது மூக்கின் இடது பாதி இல்லை. பட்டறைக்கல் பானெட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சுவரடியில் கிடந்தது. குட்டிக்கு நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அண்ணன் பக்கத்தில் தகடு மடங்கி உள்ளே வந்து அவன் காலைக் கவ்வியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. காந்தம் கடப்பாரை போட்டு நெம்பினான். ஒவ்வொரு நெம்புக்கும் அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். எல்லாம் காந்தத்தின் பரம்பரையைப் பற்றி. காந்தம் அழுதுகொண்டே, "திட்டு மச்சான், நல்லா திட்டு, மயங்கிடாத" என்றான். கடப்பாரை வழுக்கியது, அண்ணன் மயங்கினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நெற்றித் தையலோடு உட்கார்ந்திருந்த குட்டி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் புரியுது, பட்டறைக்கல்லு ஆடுறது அவருக்குக் கேட்டிருக்கு அத்தை. நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்காரு. காத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. என் தோளைத் தட்டலாம்னு கையைத் தூக்கியிருக்காரு. ஓரக்கண்ல அந்தக் கை வர்றது தெரிஞ்சுது. நான் குனிஞ்சுட்டேன். ஒன்பது வயசுல குனியாததை இப்பக் குனிஞ்சுட்டேன். ஸ்டீயரிங் கையை விட்டுப் போச்சு."

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். இதையெல்லாம் கேட்டபடி எதிரில் நின்ற அண்ணி, உள்ளே போய் மயக்கம் தெளிந்து படுத்திருந்தவனின் காதருகே குனிந்து அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, அடிபடாத காலில் நறுக்கென்று கிள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

காலில் கட்டோடு அண்ணன் ஷெட்டுக்கு வந்த அன்று, வெட்டுக்கிளி மூக்கில்லாமல் கல் அடுக்குமேல் நின்றது. பழைய எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்திருந்தோம். சேதம் மூக்கோடு சரி, எஞ்சின் தப்பித்திருந்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்தோம். என் துடைப்பத்தைக் கேட்டான். குச்சியை உருவி எடுத்துவிட்டு, குட்டியைக் கூப்பிட்டான். அவளுடைய வலது பக்கம் வரும்படி நாற்காலியை நொண்டிக்கொண்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பாரு. மூக்கை எப்படியும் புதுசா கட்டணும். தகட்டை எப்படியும் வெட்டணும். இப்ப உன் ஆறு சிலிண்டர் தாராளமா உள்ள போகும். போடுறதுன்னா போட்டுத் தரேன்."

குட்டி அவனை நம்பாமல் பார்த்தாள். அவன் துடைப்பக் குச்சியின் ஒரு முனையை டாஷ்போர்டின் இடது பக்கத்திலும், மறுமுனையைச் சக்கரங்களுக்கு நடுவிலும் வைத்துப் பிடித்தான்.

"இல்லன்னா ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் மாத்தித் தரேன். இந்தக் குச்சிதான் ஸ்டீயரிங் தண்டுன்னு வச்சுக்கோ. சின்ன எஞ்சின்னா இங்க இடம் இருக்கு. உன் பெருசுக்குப் புகைக் குழாய் அத்தனையும் இந்தப் பக்கம்தான் எறங்குது. ரெண்டும் சேராது. ரெண்டுல ஒண்ணு."

"ஸ்டீயரிங்கை எதுக்கு மாத்தணும்?"

அண்ணன் குச்சியையே பார்த்தான்.

"நீ இடது பக்கம் உக்காந்தா, பக்கத்துல இருக்குறவன் பேசுறது உன் நல்ல காதுல விழும்."

குட்டி சுவரில் மாட்டியிருந்த சம்மட்டியை எடுத்தாள். நான் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், சத்தியமாக அவன் மண்டை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவள் எங்களைத் தாண்டிப் போய் ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேல்மூடியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். மூடி நெளிந்தது. மறுபடி போட்டாள், பிளந்தது. கார்புரேட்டர் பறந்து என் மிஷினடியில் வந்து விழுந்தது. மூச்சு இரைக்க இரைக்க, கை ஓய்கிறவரைக்கும் அடித்தாள். அடிக்கும்போது அழுதாள், ஒன்பது வயதில் அழாத அழுகை. அண்ணன் கண்ணை மூடவில்லை, ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமாவை வரச் சொல்லி இதை அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க. இடது பக்க ஸ்டீயரிங் ராக் எங்கயாவது கிடைக்குமான்னும் கேளுங்க."

காந்தம் வந்து எஞ்சினைப் பார்த்து, செத்த வீட்டில் அழுவதுபோல் அழுதான். ஆனாலும் எங்கிருந்தோ தேடி, சக்கரத்தைத் திருப்பும் அந்த ராக்கைக் கொண்டுவந்தான். இரும்பு விஷயத்தில் அவனிடம் குறை சொல்ல முடியாது. பெடல்கள், கம்பிகள், டாஷ்போர்டு எல்லாம் பக்கம் மாறின. சீட்டுகளுக்கு நான் புது உறை தைத்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைப் பொட்டு, சிவப்புப் பொட்டு. பந்தயத்தில் என்ன ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அதே நாலு சிலிண்டரோடு போய் மூன்றாவதாக வந்தாள். பல் டாக்டர் தள்ளி நின்றே வாழ்த்துச் சொன்னார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பந்தயத்துக்கு முன்னால், வண்டி முதல்முறை ஷெட்டை விட்டுக் கிளம்பிய அன்று நடந்தது. குட்டி இடது பக்கம் உட்கார்ந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தாள். அண்ணன் ஊன்றுகோலோடு தட்டுத்தடுமாறி வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். வாழ்நாள் முழுக்கக் கத்தியே பேசியவன், அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, குரலை இறக்கி ஏதோ சொன்னான். வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இரண்டு வரி இருக்கும்.

குட்டி திரும்பி அவனைப் பார்த்தாள். பளாரென்று ஒரு அறை விட்டாள். தெருமுனைவரை கேட்டிருக்கும். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணனின் கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன. அவள் கியரைப் போட்டாள், வண்டி கிளம்பிப் போய்விட்டது.

திரும்பி வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அவகிட்ட என்னண்ணே சொன்ன?"

"அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்."

"அதுக்கு அடிச்சாளா?"

"ம்."

"வலிச்சுதா?"

"என் பொண்ணு அடிச்சது. வலிக்காம இருக்குமா?" என்றான். அன்று சாயங்காலம்வரை வேலைக்கு நடுவே அந்தக் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.